கமராவை மூடிய மருமகள்

அத்தியாயம் 7

"கஜானி, கமராவைப் போடும் பிள்ளை."

"கமரா வேலை செய்யேல்லை மச்சாள்."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீர்?"

"ஓம் மச்சாள். போன கிழமையும் வேலை செய்யேல்லை."

கம்சனா மடிக்கணினியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூச்சை இழுத்து விட்டாள். திரையில் ஒரு சாம்பல் நிற வட்டம். அதற்குள் பெயரின் முதலெழுத்து மட்டும். அந்த எழுத்தோடுதான் அவள் இரண்டு மாதமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சரி, கமரா இல்லாட்டிப் பரவாயில்லை. வாயால கதையும். உம்மைப் பற்றிச் சொல்லும். பெயர், வயது, ஊர், வேலை. திங்கட்கிழமை முதல்ல கேக்கப்போறது அதைத்தான்."

அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது. குக்கர் விசில் அடித்தது. யாரோ இருமினார்கள். அந்த இருமல் கஜானியுடையதல்ல.

"கஜானி?"

"வருகுதில்லை மச்சாள்."

"என்ன வருகுதில்லை? உமக்கு உம்மட பேர் தெரியாதே?"

சொல்லி முடித்த பிறகுதான் கம்சனாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஹம்பேர்க்கில் அவள் மொழிப் பள்ளி ஆசிரியை. சிரியாக்காரர், ஆப்கானிஸ்தான்காரர், உக்ரேன்காரர் என்று எத்தனையோ பேரை வாய் திறக்க வைத்தவள். அவர்களில் ஒருவரிடமும் இப்படி எரிந்து விழுந்ததில்லை. சொந்தத் தம்பியின் பெண்சாதியிடம் வந்தபோது மட்டும் பொறுமை எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

தம்பி மதிசுதனுக்கும் கஜானிக்கும் போன ஆவணியில் கலியாணம். லீவு முடிய அவன் ஹம்பேர்க்குக்குத் திரும்பிவிட்டான். பின்னால் அவள் வருவதென்றால் ஆரம்ப நிலை ஜேர்மன் பரீட்சையில் சித்தியடைந்த பத்திரம் வேண்டும். விசுவமடுவில் கஜானியின் தாய் தகப்பன் வீட்டில் இணையம் ஒழுங்காக வராது. அதனால் அவளைக் கொக்குவிலில், கம்சனாவின் பெரியம்மா பத்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "எங்கட வீட்டுப் பிள்ளை எங்கட வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பத்மா பெரியம்மா சந்தோசமாகத்தான் ஏற்றுக்கொண்டாள்.

மாசியில் எழுதிய முதல் பரீட்சையில் கஜானி தோற்றாள். திங்கட்கிழமை கொழும்பில் இரண்டாம் பரீட்சை. நாளைக்கு பஸ் ஏறவேண்டும். விசாவுக்காகத் தூதரகத்தில் எடுத்த டெர்மின், சந்திப்பு நாள், அடுத்த மாதம். பத்திரம் இல்லாமல் அந்த டெர்மினுக்குப் போய்ப் பிரயோசனமில்லை. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இன்று சனிக்கிழமை, கடைசி வகுப்பு. வழக்கமாகக் கம்சனா ஹம்பேர்க்கின் பார்ம்பெக் பகுதியில் தன் சின்ன வீட்டிலிருந்துதான் படிப்பிப்பாள். இன்று தாய் கலாதேவி விடவில்லை. "இஞ்ச வந்து எடு. எல்லாரும் பக்கத்தில இருந்தால் பிள்ளைக்கும் ஒரு தெம்பு" என்று பில்ஸ்டெட்டில் தானும் மதிசுதனும் இருக்கிற வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். இப்போது கம்சனா இருப்பது மதிசுதன் தம்பதிக்கென்று ஒழுங்குசெய்த அறை. புது அலுமாரி. பிளாஸ்ரிக் உறை கழற்றாத மெத்தை. சுவரில் ஆளளவு கலியாணப் படம். படத்தில் கஜானி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கதைக்கிறதை விடுவம். புதிர் விளையாடுவம். திரையில வாறதைப் பாத்து அழுத்தும்."

கம்சனா ஒன்றும் சும்மா கையில் கிடைத்ததை வைத்துப் படிப்பிக்கிறவள் அல்ல. தூரத்திலிருந்து படிப்பிப்பதற்கு எந்தக் கருவி நல்லது என்று விடுமுறை முழுக்கத் தேடிப் பொறுக்கியவள். எழுதிக் காட்ட ஒரு மின்பலகை. சொற்களை நினைவில் நிறுத்தப் புதிர் விளையாட்டு. உச்சரிப்பைக் கேட்டு மதிப்பெண் போடுகிற செயலி. வகுப்பு முடியத் தானாகவே பதிவைச் சேமித்துவைக்கிற தளம். பள்ளியில் மற்ற ஆசிரியைகள் வந்து "எங்களுக்கும் காட்டித் தா" என்று கேட்கிற அளவுக்கு எல்லாம் திறம்.

புதிர் ஓடியது. மேசை, கதிரை, குசினி, யன்னல். கஜானி டக்டக்கென்று அழுத்தினாள். எல்லாம் சரி. நேரம், கிழமை, விலை, பேருந்து இலக்கம். எல்லாம் சரி.

"ஆஹா! பாத்தீரோ, உமக்குத் தெரியுது. இப்ப அதில ஒரு சொல்லை மட்டும் வாயால சொல்லும். உச்சரிப்புச் செயலியைத் திறந்திருக்கிறன்."

திரையில் மதிப்பெண் காட்டும் பச்சைக் கோடு பூச்சியத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஒரு சொல்லு கஜானி. ஒண்டே ஒண்டு."

"லைன் வெட்டுது மச்சாள்."

"லைன் நல்லாத்தான் இருக்கு. உங்கட குக்கர் விசிலே எனக்குக் கேக்குது."

"இல்லை மச்சாள், வெட்டு..."

வட்டம் மறைந்தது. லைன் வெட்டவில்லை. கஜானிதான் வெட்டினாள். அது கம்சனாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

கதவுக்கு வெளியே காத்திருந்தவன்போல் மதிசுதன் உள்ளே வந்தான். துறைமுகத்தில் கொள்கலன் முனையத்தில் ஷிப்ட் வேலை. இந்த வகுப்புக்கென்றே லீவு எடுத்திருந்தான்.

"முடிஞ்சுதோ? இவ்வளவு கெதியா?"

"வெட்டிப்போட்டாள்."

"ஏன், பேசினியோ?"

"நான் என்னத்தைப் பேசுறன்? வாய் திறந்தால்தானே பேசுறதுக்கு? மதி, உண்மையைச் சொல்லு. அந்தப் புதிரை அவள்தான் அழுத்துறாளோ, வேற ஆரும் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கினமோ?"

"எனக்கென்னண்டு தெரியும்? அக்கா, கோவிக்காதை. நீ ஊரெல்லாத்துக்கும் படிப்பிக்கிறாய். என்ர ஒருத்திக்குப் படிப்பிக்க ஏலாமல் கிடக்கே?"

"நீ கதைக்கேக்க அவள் கதைக்கிறவள்தானே?"

"தமிழில கதைக்கிறவள்."

"என்ன கதைக்கிறவள்?"

மதிசுதன் அலுமாரிக் கதவைத் திறந்தான், மூடினான். "புருசன் பெண்சாதி கதைக்கிறதை எல்லாம் உனக்குச் சொல்லவேணுமோ?" என்றுவிட்டு வெளியே போனான்.

அவன் முகத்தில் எதையோ மறைத்த களை. ஆனால் அதை நின்று யோசிக்கக் கம்சனாவுக்கு நேரமில்லை. பள்ளியில் கணினி விசயங்களைப் பார்க்கிற லோறன்சுக்குப் போன் அடித்தாள். மன்னார் ஆட்களின் பெடியன், ஹம்பேர்க்கில் பிறந்து வளர்ந்தவன். சனிக்கிழமை என்றாலும் எடுத்தான்.

"லோறன்ஸ், அந்தப் பக்கம் கமராவும் வருகுதில்லை, குரலும் வருகுதில்லை. வேற என்ன பாவிக்கலாம் சொல்லும்."

"இப்ப என்னென்ன ஓடுது அக்கா?"

"பலகை, புதிர், உச்சரிப்பு, பதிவு..."

"மச்சாளிட்ட என்ன இருக்கு? லப்ரொப்போ?"

"போன். பழைய போன்."

"ஐயோ அக்கா! கொண்டெய்னர் ஏத்துற மாதிரியெல்லோ ஏத்தியிருக்கிறீங்கள்!"

"நீர்தானே எல்லாம் நல்லது எண்டு சொன்னனீர்?"

"எங்கட பள்ளிக்கு நல்லது எண்டு சொன்னனான். ஆருக்கு எண்டு நீங்கள் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை." லோறன்ஸ் கொஞ்சம் யோசித்தான். "ஒவ்வொண்டாய்க் கழட்டுங்கோ. முதல்ல பதிவை நிப்பாட்டுங்கோ. லேசா ஓடுதோ எண்டு பாப்பம். ஓடாட்டிலும் நட்டமில்லைத்தானே, பரீட்சைக்கு முதல் இனி ஆர் பாக்கப்போகினம்?"

நட்டமில்லைத்தான். கம்சனா போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனாள். கலாதேவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் பிள்ளை? இண்டைக்காவது முகத்தைக் காட்டினவளே?"

"இல்லை அம்மா. லைன் பாரமாம். பதிவை நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி எடுக்கப்போறன்."

கத்தி நின்றது.

"பதிவை நிப்பாட்டப்போறியோ? ஏனடி? பிறகு நான் எதைப் பாக்கிறது?"

கம்சனாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்கள் என்னத்தைப் பாக்கிறனீங்கள்?"

"மருமகளைத்தான். வேற என்னத்தை? பின்னேரத்தில ரீவியில போட்டுப் பாக்கிறனான். இப்ப ரெண்டு மாசமாத்தான் வெறும் வட்டம் வருகுது. முந்தி என்ன வடிவா முகம் வந்தது! நாடகத்தை விட்டுப்போட்டு இதைத்தான் பாத்தனான்."

"என்ர வகுப்பையோ?"

"உன்ர வகுப்பை ஆர் பாத்தது? நீ ஒரே சொல்லைப் பத்துத் தரம் சொல்லிக்கொண்டு நிக்கிறாய். நான் பிள்ளையைப் பாத்தனான்."

"உங்களுக்கு ஆர் தந்தது?"

"மதிதான் ரீவியில பூட்டித் தந்தவன்."

கம்சனா குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள். மதிசுதன் வந்தான். தாய் முகத்தையும் தமக்கை முகத்தையும் பார்த்தவுடனேயே அவனுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது.

"அக்கா, நீ அனுப்பின லிங்கைத்தான்... அம்மா கேட்டவ, நான் ரீவியில போட்டுவிட்டனான். அதில கடவுச்சொல்லும் இல்லைத்தானே."

கடவுச்சொல் இல்லைத்தான். போட்டால் தம்பி மறந்துபோய் நெடுகப் போன் அடிப்பான் என்று போடாமல் விட்டவள் கம்சனாவேதான். மனைவியின் பாடத்தைப் புருசன் திருப்பிச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள், அவளுக்கு ஒரு ரீவி இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

"அம்மா, பாத்தனீங்கள் சரி. வேற ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"காட்டாமல்? எங்கட சொந்தக்காரர் வட்ஸப் குறூப்பில போட்டனான். கனடாவில கனகவல்லி மச்சாள், லண்டனில சின்னண்ணை ஆக்கள் எல்லாரும் கலியாணத்துக்கு வரேல்லை. அவையளுக்கும் பிள்ளையைப் பாக்க ஆசை இருக்காதே?"

"பாத்துப்போட்டு என்ன சொன்னவை?"

"என்ன சொல்லுறது? நல்ல பிள்ளை எண்டு சொன்னவை. கொஞ்சம் மெலிஞ்சு போனாள் எண்டு சொன்னவை." கலாதேவி வெங்காயத்தைச் சட்டிக்குள் வழித்துப் போட்டாள். "கனகவல்லி மச்சாள்தான், அவவுக்குப் பகிடி கூட. பிள்ளை அந்த 'ஷோன்' எண்ட ஜேர்மன் சொல்லுக்கு வாயைக் கோணுறதை அப்பிடியே செய்து காட்டி அனுப்பினவ. நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சது. சும்மா பகிடிக்குத்தான்."

"அது கஜானிக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை."

"பெரியம்மாட்டச் சொன்னனீங்களோ?"

கலாதேவி சட்டியைக் கிளறினாள்.

"பத்மா அக்காவும் குறூப்பில இருக்கிறா. அவவிட்டச் சொல்லாமல் நான் வேற ஆரிட்டச் சொல்லுறது? நைற்றியோட இருந்து படிக்கவேண்டாம், ஒரு சட்டையைப் போடச் சொல்லு, தலையை இழுத்துக் கட்டச் சொல்லு எண்டனான். திக்கித் திக்கிக் கதைக்கிறாள், பக்கத்தில இருந்து கவனி எண்டும் சொன்னனான். நல்லதுக்குத்தானே சொன்னனான்? அக்கா உடனயே ஹோலில மேசை போட்டு, தானும் பக்கத்தில கதிரை போட்டு இருந்திட்டா. பாவம், அந்த மனிசிக்கு மத்தியான நித்திரையும் இல்லை."

கம்சனா கதிரையில் இருந்தாள். 

கமரா எப்போது வேலை செய்யாமல் போனது என்பது இப்போது அவளுக்கு விளங்கியது. வாய் எப்போது மூடியது என்பதும். நான்கு நாட்டுச் சொந்தக்காரர் பார்த்துச் சிரிக்க, பக்கத்தில் ஒரு பெரியம்மா கதிரை போட்டுக் காவல் இருக்க, எந்தப் பெண் பிழைபிழையாக ஒரு புது மொழியைப் பேசப் பழகுவாள்? அவளே அப்படி ஒரு வகுப்பில் இருந்திருந்தால் முதல் நாளே எழும்பி ஓடியிருப்பாள்.

"அம்மா, உங்களுக்கு விளங்குதோ என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு?"

"என்னடி செய்திட்டன்?" கலாதேவியின் குரல் உடைந்தது. "அந்த மனிசன், உன்ர கொப்பா, போனாப் பிறகு இந்த வீட்டில எனக்குப் பாக்க என்ன இருக்கு? அவன் வேலைக்குப் போனால் இரவுதான் வாறான். நீ கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிறாய். அந்தப் பிள்ளை ரீவியில வந்து இருக்கேக்க, வீட்டில ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. நானும் அவளோட சேந்து சொல்லிப் பாப்பன். அது குற்றமே?"

கம்சனாவுக்குக் கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"மதி, உனக்கு இதெல்லாம் தெரியுமோ?"

"தெரியும்."

"அவள் உன்னட்டச் சொன்னவளோ?"

"சொன்னவள்."

"நீ என்ன செய்தனி?"

"நான் என்ன செய்யிறது அக்கா? அம்மாட்ட என்னண்டு சொல்லுறது?"

கம்சனா எழும்பி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். மடிக்கணினியில் பதிவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து என்ன பிரயோசனம்? கனடாவில் ஒரு போனில் இருப்பதை பில்ஸ்டெட்டில் இருந்து அழிக்க எந்தக் கருவி இருக்கிறது?

பலகையை மூடினாள். புதிரை மூடினாள். உச்சரிப்புச் செயலியை மூடினாள். கையில் தன் போன் மட்டும் மிஞ்சியது. காதுக்குள் இயர்போனைச் செருகி, படம் இல்லாத சாதாரண வட்ஸப் அழைப்பை எடுத்தாள்.

எடுத்தது பத்மா பெரியம்மா.

"ஓம் பிள்ளை கம்சி! என்ன வெட்டிப்போட்டுது? நாங்கள் இஞ்ச சாப்பிடாமல் காத்துக்கொண்டெல்லோ இருக்கிறம்."

"பெரியம்மா, கஜானியைத் தனியாக் கொஞ்சம் விடுங்கோவன். ஒரு அறைக்குள்ள போய் இருந்து கதைக்கட்டும்."

"அறைக்குள்ள சிக்னல் இல்லை மோனை. ஹோலிலதான் வரும். நான் ஒண்டும் கதைக்க மாட்டன், சும்மா இருந்து கீரை ஆயுறன். நீ படிப்பி."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பெரிய மனிசியிடம் என்ன சொல்ல முடியும்? போன் கை மாறியது.

"மச்சாள்" என்றாள் கஜானி.

கம்சனா கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கலாதேவியின் செருப்புச் சத்தம் வந்து நின்ற மாதிரி இருந்தது. இங்கேயும் தமிழில் ஒன்றும் சொல்ல முடியாது, அங்கேயும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அவ்வளவு ஜேர்மன் விளங்காது என்று நினைத்து அவள் குரலைத் தாழ்த்தி ஜேர்மன் மொழியில் பேசினாள். முதல் பாடத்துப் பிள்ளைக்குப் பேசுவதுபோல, சின்னச் சின்ன வசனமாக.

"பதிவு இல்லை. படம் இல்லை. நான் அறையில் இருக்கிறேன். எனக்கு இன்றுதான் தெரியும். என்னை மன்னித்துக்கொள்."

மின்விசிறி சுற்றியது. கீரைத் தண்டு முறிகிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு அந்தப் பக்கமிருந்து ஜேர்மன் வந்தது.

"பெரியம்மா என் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு ஜேர்மன் தெரியாது. அது நல்லது."

கம்சனா போனைக் காதோடு அழுத்தினாள். திக்கவில்லை. தடுமாறவில்லை.

"கஜானி, நீ நன்றாகப் பேசுகிறாய்!"

"ஆம். நான் தினமும் படிக்கிறேன். குளிக்கும்போது பேசுகிறேன். அங்கே ஒருவரும் இல்லை."

"அப்படியென்றால் மாசியில்?"

"மாசியிலும் எனக்குத் தெரியும். நான் எழுதவில்லை. நான் பேசவில்லை. நான் சும்மா இருந்தேன்."

பின்னால் பத்மா பெரியம்மாவின் குரல் பூரித்துப்போய் வந்தது. "கேட்டியே கம்சி, எப்பிடி விளாசுறாள் எண்டு! இவ்வளவு நாளும் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தவளோ!"

"ஓம் பெரியம்மா" என்று தமிழில் சொன்னாள் கம்சனா. "நல்லாக் கதைக்கிறாள்."

"இப்போது நான் கேள்வி கேட்கிறேன்" என்றாள் கஜானி. பரீட்சையில் அப்படி ஒரு பகுதி உண்டு. ஓர் அட்டையில் ஒரு சொல் இருக்கும். அதை வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவேண்டும். "என் அட்டையில் 'வீடு' என்று இருக்கிறது. நீ எங்கே வசிக்கிறாய்?"

"பார்ம்பெக்கில்."

"யாரோடு?"

"தனியாக."

"உன் அம்மா பில்ஸ்டெட்டில் இருக்கிறார். நீ ஏன் அவரோடு வசிக்கவில்லை?"

அந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் எந்த மாணவரும் அவளிடம் கேட்டதில்லை. கலியாணம் கட்டாத பெண் தனி வீடு எடுத்துப் போனபோது சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். அதையே இப்போதும் சொன்னாள்.

"வேலைக்குப் பக்கம்."

"அது உண்மையா?"

யார் கொண்டுவந்து இறக்கிவிட்டது, யாரோடு இவ்வளவு நேரம் போனில் கதைத்தாய், இந்தச் சட்டையோடா வெளியே போகப்போகிறாய். அம்மாவோடு இருந்த காலத்தில் கம்சனா தினமும் பதில் சொன்ன கேள்விகள் அவை.

"இல்லை" என்றாள்.

"நன்றி" என்றாள் கஜானி. "பில்ஸ்டெட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. நான் படத்தில் பார்த்தேன். அலுமாரி அழகாக இருக்கிறது. நான் அந்த அறையில் வசிக்க மாட்டேன். எனக்கு மதியைப் பிடிக்கும். மதியோடு வசிக்க விரும்புகிறேன். சின்ன வீடு போதும். ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் வருவேன். சமைத்துக்கொண்டு வருவேன். இரவு என் வீட்டுக்குப் போவேன்."

"இதை மதியிடம் சொன்னாயா?"

"சொன்னேன். 'முதலில் வா, வந்த பிறகு பார்ப்போம்' என்கிறார். வந்த பிறகு ஒருவரும் பார்க்க மாட்டார்கள்."

"பிள்ளை மூச்சு விடாமல் கதைக்கிறாள்!" என்றாள் பெரியம்மா. "முருகா, கண் படக்கூடாது."

"கஜானி, இங்கே வீடு கிடைப்பது மிகக் கடினம். ஒரு வீட்டைப் பார்க்க அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவும் தனியாள்..."

"எனக்குத் தெரியும். நீ இப்போது சொல். தனி வீடு, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் திங்கட்கிழமை நான் எழுதுவேன், பேசுவேன். இல்லை என்றால் சும்மா இருப்பேன்."

"இதை நான் எப்படிச் சொல்வது? நீயும் மதியும்..."

"மதி ஆம் என்று சொல்வார். மாமி அழுவார். மதி இல்லை என்று சொல்வார். அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ தனியாகப் போனாய். உனக்குத் தெரியும்."

கம்சனா சுவரில் இருந்த கலியாணப் படத்தைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பினாள். கீழே பேருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யாராவது ஒருவர் மேலே ஏறி வந்து இதற்கு ஒரு பதில் சொன்னால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று நினைத்தாள். ஆம் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? இல்லை என்று சொன்னால் தம்பியின் வாழ்க்கை திங்கட்கிழமையோடு நின்றுபோகும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை. நாளைக்கு பஸ்.

"ஆம் அல்லது இல்லை?" என்றாள் கஜானி, பரீட்சை நடத்துகிறவளைப் போல.

"ஆம்" என்றாள் கம்சனா.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கவில்லை. ஒரு அறை கூட இருக்கவில்லை.

"நன்றி. நான் எழுதுவேன்." உடனேயே குரல் மாறியது, பழைய கஜானி, பழைய தமிழ். "சரி மச்சாள், அப்ப வைக்கிறன். பெரியம்மா சாப்பிடாமல் இருக்கிறா."

கம்சனா இயர்போனைக் கழற்றினாள். கதவைத் திறந்தாள். கதவோடு கலாதேவி. அவளுக்குப் பின்னால் மதிசுதன்.

"கதைச்சவளே?" என்றாள் கலாதேவி.

"கதைச்சவள்."

"பாஸ் பண்ணுவாளே?"

"பண்ணுவாள் அம்மா. நல்லாவே பண்ணுவாள்."

"முருகா!" என்றாள் கலாதேவி. ஆனால் கையெடுத்துக் கும்பிடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

மதிசுதன் தமக்கையின் கண்ணைப் பார்த்தான். கேட்கப் பயந்துகொண்டு கேட்டான். "வேற என்ன சொன்னவள்?"

"பிறகு சொல்லுறன். நீ வா, கொஞ்சம் வெளியில நடந்திட்டு வருவம்."

"ஏன் வெளியில?" கலாதேவி அறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "எனக்கு முன்னால சொல்லுங்கோவன். அவள் கதைச்சது எனக்குக் கேக்கேல்லை. நீ கதைச்சது கேட்டது. முப்பது வருசம் இந்த ஊரில கந்தோர்களில நிலம் துடைச்சனான், அவ்வளவு ஜேர்மன் எனக்கும் விளங்கும்."

"அம்மா..."

"'தனியாக' எண்டனி. கேட்டுது. 'வேலைக்குப் பக்கம்' எண்டனி. பிறகு 'இல்லை' எண்டனி. அதை நான் பிறகு கேக்கிறன், அது எனக்கும் உனக்கும் உள்ள கதை." கலாதேவி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். குரல் மட்டும் நடுங்காமல் வந்தது.

"கடைசியாய் ஒண்டுக்கு 'ஓம்' எண்டனியே. என்னத்துக்கடி ஓம் எண்டனி?"